கோப்பை ஜெயிச்ச 16-ஆவது நாள் மேனேஜர் நீக்கம்: டாட்டன்ஹாம் செஞ்சது சரியா?

நடுக்கோடு (கேள்வி):

டாட்டன்ஹாம் மேனேஜரா இருந்த ஆஞ்சி போஸ்டெகோக்ளு விஷயத்துல ஒரு முடிவுக்கு வர முடியல. 2025 மே 21, பில்பாவோவுல மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0ன்னு ஜெயிச்சு யூரோப்பா லீக். 2008 லீக் கப்புக்கு அப்புறம் டாட்டன்ஹாமுக்குக் கிடைச்ச முதல் கோப்பை. ஐரோப்பியக் கோப்பைன்னு பார்த்தா 1984-க்கு அப்புறம் இதுதான் முதல். ஜூன் 6 அன்னைக்கு ஆளை அனுப்பிட்டாங்க. காரணம் லீக்: 20 அணியில 17-ஆவது இடம், 38 புள்ளி, 22 தோல்வி. பிரீமியர் லீக் ஆரம்பிச்ச நாள்லேருந்து கிளப்போட மோசமான இடம்.

கேள்வி ரெண்டு. கோப்பையும் 17-ஆவது இடமும் ஒரே சீசன்ல வந்தா அதை எந்தக் கணக்குல எழுதறது? அப்புறம், "லீக்கை விட்டுட்டு யூரோப்பாவைக் குறிவெச்சாங்க, அதனாலதான் 17"ங்கிற வாதம் எண்களை வெச்சுப் பார்த்தா நிக்குமா?

---

கார்னர்கொடி:

ரெண்டாவது கேள்வியை முதல்ல எடுத்துக்கறேன். நிக்காது.

2025 ஜனவரி கடைசியில லெஸ்டர்கிட்ட சொந்த மைதானத்துலயே 1-2ன்னு தோத்தாங்க. அப்போ 23 ஆட்டத்துல 24 புள்ளி, 15-ஆவது இடம். யூரோப்பாவுல நாக் அவுட் சுற்றே இன்னும் ஆரம்பிக்கல. மிச்சமிருந்த 15 ஆட்டத்துல 14 புள்ளி. அதாவது ஆட்டத்துக்கு 1.04 புள்ளியிலேருந்து 0.93-க்கு இறங்கியிருக்கு, அவ்வளவுதான். முக்கிய ஆட்களை உட்கார வெச்சதால போனது ரெண்டு புள்ளிக்கும் குறைவு. மிச்சச் சரிவு அதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சது.

இன்னும் பின்னால போங்க. 2023-24 சீசன்ல முதல் 10 ஆட்டத்துல 26 புள்ளி, எட்டு வெற்றி, ரெண்டு டிரா. அதுக்கப்புறம் ரெண்டு சீசனும் சேர்த்து 66 லீக் ஆட்டத்துல 78 புள்ளி. கிளப் அறிக்கையிலயும் இந்த எண்தான் வந்தது. 38 ஆட்டத்துக்குக் கணக்குப் போட்டா ஒரு சீசனுக்கு 45 புள்ளி. நடு அட்டவணைக்கும் கீழ. பத்து ஆட்டத்து நினைவு ரசிகர்கள் மனசுல அப்படியே தங்கிடுச்சு, ஆனா நிஜமான அளவு அந்த 66-தான்.

ஏன் சரிஞ்சதுன்னு கேட்டா, ஆட்டமுறையிலயே பதில் இருக்கு. ஃபுல் பேக் (ஓரத்து டிஃபெண்டர்) ரெண்டு பேரும், உடோஜியும் போரோவும், பந்து நம்மகிட்ட இருக்கும்போது நடுக்களத்துக்குள்ள வந்துடுவாங்க. பின்னால ரெண்டு சென்டர் பேக் மட்டும், அதுவும் நடுக்கோட்டுக்கிட்ட. பந்து பறிபோச்சுன்னா அவங்களுக்கும் கோல் கீப்பருக்கும் நடுவுல 40 மீட்டர் திறந்த புல்வெளி. அதை அடைக்கறது சென்டர் பேக் வான் டி வென்னோட ஓட்டமும், கீப்பர் விகாரியோ பெட்டியை விட்டு வெளிய வந்து துடைக்கறதும்தான். இந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் இல்லன்னா முறையே வேலை செய்யாது. 2024 நவம்பர்ல விகாரியோவுக்குக் கணுக்கால் உடைஞ்சது. டிசம்பர் 8, செல்சிகிட்ட 3-4ன்னு தோத்த ஆட்டத்துல சென்டர் பேக் ரொமேரோவும் வான் டி வென்னும் ரெண்டு பேரும் காயத்தோட வெளிய போனாங்க. அப்புறம் வாரக்கணக்குல 18 வயசு ஆர்ச்சி கிரே, நடுக்கள ஆட்டக்காரர், சென்டர் பேக்கா ஆடினார். அவர் ஆடின விதத்துல குறை சொல்ல மாட்டேன், ரொம்ப தைரியமா ஆடினார். ஆனா டிஃபென்ஸ் நிக்கற லைன் மட்டும் பின்னால இறங்கவே இல்ல. வேகமான டிஃபெண்டர் இல்லாத நாள்ல பத்து மீட்டர் பின்னால நிக்கணும். அதைச் செய்யலைங்கறதுதான் என் குற்றச்சாட்டு.

வான் டி வென்னுக்குத் தொடைத்தசை திரும்பத் திரும்ப இழுத்ததும் இதோட சேர்ந்ததுதான்னு நினைக்கறேன். முழு வேகத்துல பின்னோக்கி ஓடி அடைக்கற ஓட்டம் ஒரு ஆட்டத்துல எத்தனை தடவை வருதுன்னு பாருங்க.

---

வெள்ளைச்சட்டை:

கார்னர்கொடி எண்கள் சரி, மறுக்கல. ஆனா முதல் கேள்விக்கு அவர் பதிலே சொல்லலையே!

இந்தக் கிளப்போட கதை என்ன? மேனேஜர் போச்செட்டினோ 2019-ல சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் வரைக்கும் கூட்டிட்டுப் போனார், வருஷா வருஷம் முதல் நாலுக்குள்ள நிறுத்தினார், கையில கோப்பை இல்ல. அவரையும் அதே வருஷம் நவம்பர்ல அனுப்பினாங்க. அடுத்து வந்த மொரின்யோவை 2021 லீக் கப் ஃபைனலுக்கு ஆறு நாள் முன்னால அனுப்பினாங்க, ஃபைனல்ல மான்செஸ்டர் சிட்டிகிட்ட 0-1. நட்சத்திர ஸ்ட்ரைக்கர் ஹாரி கேன் கோப்பை இல்லாமலே ஜெர்மனி போனார். லீக் இடம்தான் அளவுகோல்னா போச்செட்டினோவை ஏன் அனுப்பினீங்க? கோப்பைதான் அளவுகோல்னா ஆஞ்சியை ஏன் அனுப்பினீங்க? ரெண்டு பேரையும் அனுப்பற அளவுகோல் எதுன்னு யாராவது சொல்லுங்க.

"லைனை இறக்கவே மாட்டார்"ங்கறதையும் ஒத்துக்க முடியாது. ஃபைனலைத் திரும்பப் போட்டுப் பாருங்க. மேடிசன், குலுசெவ்ஸ்கி, பெர்க்வால் மூணு பேரும் காயம். பந்தை உருட்டி ஆடற நடுக்களமே இல்ல. அதனால பந்தை யுனைடெட்கிட்டயே விட்டாரு, நம்ம பொசெஷன் 30 சதவீதத்துக்கும் கீழ. மொத்தமே மூணு ஷாட். 42-ஆவது நிமிஷம் சார் கிராஸ், ஜான்சன், கோல். கடைசிக் கட்டத்துல ஜான்சனையே எடுத்துட்டு டான்ஸோவை இறக்கி அஞ்சு டிஃபெண்டரோட முடிச்சாரு. பிடிவாதக்காரர் இப்படி ஆடுவாரா?

2024 செப்டம்பர்ல, ஆர்சனல்கிட்ட தோத்த கையோட, "ரெண்டாவது வருஷம் நான் எப்பவும் கோப்பை ஜெயிப்பேன்"ன்னு சொன்னப்போ எல்லாரும் சிரிச்சாங்க. பிரிஸ்பேன் ரோர், யோக்கோஹாமா, செல்டிக், எல்லா இடத்துலயும் செஞ்சவர். சொன்னதை இங்கயும் செஞ்சார். 17 வருஷம் காத்திருந்த ரசிகருக்கு வெற்றின்னா இதுதான். 5-ஆவது இடத்துக்கு யாரும் தெருவுல ஊர்வலம் நடத்தறதில்ல.

---

டக்அவுட்:

ரெண்டு பேரும் வேற வேற கேள்விக்குப் பதில் சொல்றீங்க. "2024-25 வெற்றியா?" ஒரு கேள்வி. "2025-26-ஐ இவர்கிட்டயே கொடுக்கலாமா?" இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு நானும் வெள்ளைச்சட்டை பக்கம்தான். சந்தேகமே இல்லாம வெற்றி, வரலாற்றுல நிக்கும். மேனேஜரை வெச்சுக்கறதோ நீக்கறதோ ரெண்டாவது கேள்வியைச் சேர்ந்தது. கோப்பை போன சீசனுக்கான கூலி, அடுத்த சீசனுக்கான உத்தரவாதம் ஆகாது.

சோதிச்சுப் பார்க்க ஒரு வழி இருக்கு. அந்த 42-ஆவது நிமிஷக் கோலை எடுத்துக்கங்க. பந்து லூக் ஷா மேல பட்டு, ஜான்சன் கால்ல உரசி உள்ள போச்சு. 68-ஆவது நிமிஷம் ஹொய்லுண்ட் தலையால அடிச்சதை வான் டி வென் கோல் கோட்டுக்கிட்ட அந்தரத்துல படுத்தவாக்குல காலால வெளிய தள்ளினார். இந்த ரெண்டுல ஒண்ணு மாறியிருந்தா அவரை நீக்கறதுக்கு எதிரா ஒருத்தரும் பேசியிருக்க மாட்டோம். ஷா மேல பந்து பட்ட கோணத்தாலயோ ஒரு டிஃபெண்டரோட தாவலாலயோ மேனேஜரோட திறமை மாறிடுமா? மாறாது. அப்போ அவரைப் பத்தின முடிவும் அதால மாறக்கூடாது.

மத்த கிளப்புகள் என்ன செஞ்சாங்கன்னு பாருங்க.

டென் ஹாக் (மான்செஸ்டர் யுனைடெட்), 2024 மே: எஃப்ஏ கப் ஃபைனல்ல சிட்டியை 2-1. லீக்ல 8-ஆவது இடம். கோப்பையைப் பார்த்து யுனைடெட் அவரை வெச்சுக்கிட்டது, ஒப்பந்தத்தை 2026 வரைக்கும் நீட்டிச்சது, கோடையில அவர் கேட்ட மாதிரி ஆட்களை வாங்கிக் கொடுத்தது. அக்டோபர் 28-ல 9 ஆட்டம், 11 புள்ளி, 14-ஆவது இடம்னு நீக்கினாங்க. அவருக்கும் அவரோட பயிற்சிக் குழுவுக்கும் போன நஷ்டஈடு 1.04 கோடி பவுண்டு. அதைவிடப் பெரிய நஷ்டம், அவர் முறைக்கு வாங்கின அணியை வெச்சுக்கிட்டு, அடுத்து வந்த அமோரிம் நடு சீசன்ல 3-4-3 சொல்லிக்கொடுக்க வேண்டி வந்தது. விளைவு 15-ஆவது இடம், பில்பாவோ தோல்வி. இதுல கவனிக்க வேண்டிய விஷயம், அந்த ஃபைனல்ல தோத்த மேனேஜர் கோடையில வேலையில தொடர்ந்தார், ஜெயிச்சவர் போனார்.

ரானியேரி (லெஸ்டர்): 2016 லீக் பட்டம். 2017 பிப்ரவரி 23-ல நீக்கம், 25 ஆட்டத்துல 21 புள்ளி, 17-ஆவது இடம். உலகமே லெஸ்டரைத் திட்டுச்சு. அவரோட உதவியாளர் கிரெய்க் ஷேக்ஸ்பியர் பொறுப்புக்கு வந்தார், வரிசையா அஞ்சு லீக் ஆட்டம் ஜெயிச்சாங்க, 12-ஆவது இடம், சாம்பியன்ஸ் லீக் கால் இறுதி. ஈவு இரக்கமில்லாத முடிவு, ஆனா தப்பான முடிவு இல்ல. தப்பு அடுத்து நடந்தது: அந்த எழுச்சியை நம்பி ஷேக்ஸ்பியரையே நிரந்தரமாக்கினாங்க, அக்டோபர்ல எட்டே லீக் ஆட்டத்துல அவரையும் நீக்கினாங்க. புது மேனேஜர் வந்ததும் வர்ற வேகம் பெரும்பாலும், அதுக்கு முன்னால இருந்த மட்டமான ஃபார்ம் தானா பழைய நிலைக்குத் திரும்பறதுதான்.

டி மத்தேயோ (செல்சி): 2012 மே 19 சாம்பியன்ஸ் லீக், நவம்பர் 21 நீக்கம். அடுத்து வந்த பெனிடெஸை ரசிகர்கள் கூச்சல் போட்டே வரவேற்றாங்க. அவர் மூணாவது இடமும் யூரோப்பா லீக்கும் கொடுத்துட்டுப் போனார்.

இதுல நான் பார்க்கறது தேதி. நீக்கறதுன்னு முடிவு பண்ணிட்டா ஜூன் முதல் வாரம்தான் சரியான நேரம். புது ஆள் ஜூலை முன்பயிற்சியை முழுசா நடத்தலாம், யாரை வாங்கணும்னு சொல்லலாம். அக்டோபர்ல நீக்கினா ரெண்டுமே கிடையாது. ஜூன் 12-க்குள்ள தாமஸ் ஃப்ராங்கை அறிவிச்சாங்க. நடைமுறையில அது நேர்த்தியான வேலை.

---

நடுக்கோடு:

டக்அவுட், "வேற வேற கேள்வி"ன்னு பிரிச்சது உதவுது. ஆனா சாம்பியன்ஸ் லீக் இடத்தைக் கொடுத்ததே அந்தக் கோப்பைதானே? பணக் கணக்குல அது 17-ஆவது இடத்தை ஈடு கட்டலையா?

---

வரவுசெலவு:

கட்டுது, ஆனா நீங்க நினைக்கற அளவுக்கு இல்ல. பிரீமியர் லீக்ல ஒவ்வொரு இடத்துக்கும் ஏறத்தாழ 30 லட்சம் பவுண்டு வித்தியாசம். முந்தின வருஷம் 5, இப்போ 17: 12 இடம், 3.6 கோடி பவுண்டு போச்சு. வரவுல, சாம்பியன்ஸ் லீக் நுழைவுத் தொகை மட்டும் 1.86 கோடி யூரோ, லீக் சுற்றுல ஒவ்வொரு வெற்றிக்கும் 21 லட்சம், டிராவுக்கு 7 லட்சம், அதுக்கு மேல தரவரிசைப் பங்கு, 62,850 பேர் உட்கார்ற மைதானத்துல நாலு சொந்த ஆட்டம். ஆகமொத்தம் லாபப் பக்கம்தான் நிக்குது.

ஆனா சாம்பியன்ஸ் லீக் கிடைச்சா செலவும் கூடும், அதே அணியை வெச்சு வாரத்துக்கு ரெண்டு ஆட்டம் ஓட்ட முடியாது. இந்த இடத்துல மேனேஜருக்காகவும் பேசணும். இங்கிலாந்தோட பெரிய ஆறு கிளப்புல சம்பளச் செலவு குறைஞ்சது டாட்டன்ஹாம்தான், வருவாயில பாதியைக்கூடத் தொடல. அந்த ஆறுல சம்பளத்துல கடைசியா இருக்கற அணியை 5-ஆவது இடத்துல முடிச்சா அது எதிர்பார்ப்புக்கு மேல. 17 எதிர்பார்ப்புக்கு வெகு கீழ. மேனேஜரை அளக்கறப்போ சம்பளப் பட்டியல்ல இருக்கற இடத்தையும் லீக் இடத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுத்தான் பார்க்கணும். ரசிகர்கள் அதைச் செய்யறதே இல்ல.

---

வெள்ளைச்சட்டை:

சரி, பணத்தை விடுங்க. அடுத்து அவர் போன நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கிளப்புல நடந்ததை எடுத்து ஆஞ்சிக்கு எதிரா யாராவது பேசறதுக்கு முன்னால சொல்லிடறேன். 2025 செப்டம்பர் 9-ல போய், 39 நாள், 8 ஆட்டம், ஒரு வெற்றிகூட இல்லாம நீக்கம். அதுல அவர் மேல பழி போடறது நியாயமில்ல. முந்தின மேனேஜர் நூனோ ஆழமா நின்னு எதிர்த் தாக்குதல் ஆடறதுக்காகக் கட்டின அணி அது. முன்பயிற்சி இல்லாம, வாரத்துக்கு ரெண்டு ஆட்டத்துக்கு நடுவுல, அதை ஹை லைனுக்கு மாத்துன்னா யாரால முடியும்?

---

கார்னர்கொடி:

அதுல உங்களோட முழுசா ஒத்துப்போறேன். அங்க தப்பு எடுத்தவங்க மேல. எந்த முறைக்கு ஆள் எடுக்கறோம்னு பார்க்காம பேரைப் பார்த்து எடுத்தாங்க.

ஆனா ஃபைனல் பத்தின உங்க வாதம் எனக்குத்தான் சாதகம். ஆழமா நின்னு, அஞ்சு பேரை வெச்சு ஜெயிக்கத் தெரியும்னு மே மாசம் காட்டினவர், டிசம்பர்ல ரெண்டு சென்டர் பேக்கும் இல்லாதப்போ அதை ஏன் செய்யல? கார்னர்லயும் அதே கதை. 2024 ஏப்ரல்ல ஆர்சனல்கிட்ட 2-3, ரெண்டு கோல் கார்னர்லேருந்து. செப்டம்பர்ல 0-1, கேப்ரியல் தலையால அடிச்சது, அதுவும் கார்னர். நடுவுல ஒரு முழுக் கோடை இருந்தது.

ஆகஸ்ட்ல உதினேவுல நடந்த ஐரோப்பிய சூப்பர் கப்பைப் பாருங்க. ஃப்ராங்க் அஞ்சு டிஃபெண்டரோட இறக்கினார், செட் பீஸ்லேருந்து (கார்னர், ஃப்ரீ கிக் மாதிரி நின்ன பந்து) வான் டி வென், ரொமேரோ ரெண்டு கோல். 85-ஆவது நிமிஷம் வரைக்கும் பிஎஸ்ஜிக்கு எதிரா 2-0. கடைசியில பெனால்டியில தோத்தாங்க, அது வேற. அதே சென்டர் பேக் ரெண்டு பேர்தான். கிளப் ஆஞ்சியை வெச்சுக்கிட்டிருந்தாலும் ரெண்டே ரெண்டு நிபந்தனையோடதான் வெச்சிருக்கணும்: செட் பீஸுக்கு முழு அதிகாரத்தோட தனி கோச், வான் டி வென் இல்லாத நாளுக்கு எழுதிவெச்ச ரெண்டாவது ஆட்டமுறை. அவர் அதுக்குச் சம்மதிச்சிருப்பார்னு நினைக்கறீங்களா?

---

வெள்ளைச்சட்டை:

செட் பீஸ் கோச்சுக்குச் சம்மதிச்சிருப்பார். ரெண்டாவதுக்குச் சந்தேகம்தான். ஆனா கேட்டுப் பார்த்துட்டு, மாட்டேன்னு சொன்ன பிறகு அனுப்பியிருக்கணும்.