ஐகான்கள் ஒரே குடும்பமாகத் தெரியவில்லை, எங்கிருந்து திருத்துவது?

வரைகோடு:
வெப், ஆண்ட்ராய்டு இரண்டுக்கும் ஒரே ஐகான் தொகுப்பு வேண்டும். இப்போது இருப்பவற்றில் சில ஃபெதர் என்ற இலவச ஐகான் தொகுப்பிலிருந்து எடுத்தவை, சில கூகுளின் மெட்டீரியல் தொகுப்பு, மிச்சம் நாங்களே ஃபிக்மா வடிவமைப்பு மென்பொருளில் வரைந்தவை. எல்லாமே 24×24 பிக்சல் பெட்டிதான். ஆனாலும் வரிசையாக வைத்தால் சில பெரிதாக, சில மெலிந்து தெரிகின்றன. 16-க்குச் சுருக்கினால் கோடுகள் மங்குகின்றன. ஐகான் ஃபான்ட்டாக மாற்றினால் பூட்டிலும் கியரிலும் நடு ஓட்டை அடைத்துக்கொள்கிறது. ஸ்ட்ரோக்கை (கோட்டின் தடிமனை) எல்லாவற்றிலும் 2 ஆக்கினால் போதுமா? பட்டன்களில் தமிழ் எழுத்துக்குப் பக்கத்தில் வரப்போகிறவை இவை.

கட்டம்24:
போதாது. ஃபெதரில் கோட்டின் முனையும் இணைப்பும் உருண்டை. மெட்டீரியலின் அடிப்படைத் தொகுப்பில் முனை சதுரமாக வெட்டுப்பட்டிருக்கும், உள்மூலை கூர்மையாக இருக்கும். எந்தத் தடிமனிலும் இவை இரண்டும் சேராது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மறுபடி வரையுங்கள். உருண்டை முனைதான் பிடிக்கிறது என்றால் ஃபெதரிலிருந்து கிளைத்த லூசிடை அடிப்படையாக எடுக்கலாம். அவர்கள் விதிகளை எழுதியே வைத்திருக்கிறார்கள்: ஓரத்தில் குறைந்தது 1 காலி, ஸ்ட்ரோக் 2, தனித்தனி உறுப்புகளுக்கு நடுவே 2. இந்த இடைவெளி விதியைத்தான் பலர் கவனிப்பதில்லை. தொகுப்பு சிதறித் தெரிவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

பெரிது சிறிது சிக்கலுக்கு மெட்டீரியலின் கீலைன் (வழிகாட்டி வடிவ) அளவுகளைப் பாருங்கள். சதுரம் 18, வட்டத்தின் விட்டம் 20, நிற்கும் செவ்வகம் 16×20, படுத்தது 20×16. பரப்பைக் கணக்கிட்டால் முறையே 324, சுமார் 314, 320, 320. ஏறக்குறைய சமமாக இருப்பதால்தான் கண்ணுக்கு ஒரே அளவாகப் படுகின்றன. எல்லா வடிவத்தையும் 20×20-க்கு இழுத்தால் சதுரம் மட்டும் பூதமாகத் தெரியும்.

சுலபமானவற்றில் தொடங்காதீர்கள். கியர், பூட்டு, காலண்டர், மணி, கூடை, அம்புக்குறி ஆகிய ஆறையும் பக்கம்பக்கமாக வைத்து ஒன்றாக வரையுங்கள். கியரையே எடுங்கள்: வெளிவிட்டம் 20, கோட்டின் நடுவில் அளந்தால் 18, சுற்றளவு சுமார் 56. ஒரு பல்லுக்கு 4, பள்ளத்துக்கு 4 என்று குறைந்தது 8 தேவை. எட்டுப் பல் வைக்க 64 வேண்டும், இடமே இல்லை. ஆறு பல்லுக்கு 48, தாராளமாக அடங்கும்.

16-க்குத் தனியாக வரைய வேண்டும், வேறு வழி கிடையாது. சுருக்கும்போது 2 ஸ்ட்ரோக் 1.33 ஆகிவிடும், பிக்சல் எல்லையில் உட்காராது. ஸ்ட்ரோக் 1 என்றால் கோட்டின் நடு அரையில் விழ வேண்டும் (3.5, 7.5 போல), 2 என்றால் முழு எண்ணில். காலண்டரின் உள்புள்ளிகளை 16-இல் எடுத்துவிடுங்கள்.

பாத்_பட்டறை:
ஓட்டை அடைவதற்குக் காரணம் ஃபில் விதி, அதாவது எந்தப் பகுதியை நிரப்புவது என்ற விதி. உங்கள் எஸ்விஜி (வெக்டர் படக் கோப்பு) ஈவன்-ஆட் முறையில் வந்திருக்கும், அதில் கோடு சுற்றும் திசை கணக்கில் வராது. ஃபான்ட் நான்-ஸீரோ முறையில் நிரப்பும், அதில் திசையும் கணக்கு. உள் பாத்தும் (எல்லைக்கோடு) வெளி பாத்தும் ஒரே திசையில் சுற்றினால் ஓட்டை நிரம்பிவிடும். ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற ஃபான்ட் மென்பொருளில் கரெக்ட் டைரக்‌ஷன் கொடுத்தால் சரியாகும். ஆனால் ஃபான்ட்டையே விட்டுவிடுங்கள் என்பேன். அது லோட் ஆகாத நேரத்தில் வெறும் கட்டங்கள்தான் திரையில் நிற்கும். வெப்புக்கு எஸ்விஜி, ஆண்ட்ராய்டுக்கு அதன் சொந்த வெக்டர் பட வடிவமான வெக்டர் டிராயபிள் போதும். டிராயபிளில் ஈவன்-ஆட் ஏபிஐ 24-இலிருந்துதான் (ஆண்ட்ராய்டு 7.0) உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஸ்ட்ரோக் உயிரோடு இருக்கும் மூலத்தைத் தனிப் பக்கத்தில் பத்திரமாக வையுங்கள். அவுட்லைன் ஸ்ட்ரோக் (கோட்டை வடிவமாக மாற்றுவது), ஃப்ளாட்டன் (வடிவங்களை ஒன்றாக்குவது) எல்லாம் ஏற்றுமதி நகலில் மட்டும். எஸ்விஜியைச் சுருக்கும் கருவியான எஸ்விஜிஓ பழைய பதிப்பு என்றால் வியூபாக்ஸை (படத்தின் அளவுச் சட்டம்) நீக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஐகான் அளவு மாறாது. கறுப்பு நிறத்தைக் கரன்ட்கலராக (சுற்றியுள்ள எழுத்தின் நிறம்) மாற்றும்போது ‘none’ (நிரப்பாதே) என்றிருக்கும் ஃபில்லைத் தொடாதீர்கள். தொட்டால் கோட்டு ஐகான் கறுப்புக் கட்டியாகிவிடும்.

உயிர்மெய்_யூஐ:
தமிழ் பட்டன் பற்றி. நம் எழுத்தில் கேப்பிடல் கிடையாது. இகர, ஈகாரக் குறிகளும் புள்ளியும் மேலே போகும், உகரம் கீழே இறங்கும். வரி உயரத்தின் நடுவில் ஐகானை வைத்தால் பல ஃபான்ட்டில் சற்றே ஏறியோ இறங்கியோ தெரியும். ‘ப’, ‘ட’ எழுத்துகளின் உடல் உயரத்தின் நடுவோடு பொருத்துங்கள். ‘சேமி’க்கு ஒன்று, ‘நீக்கு’க்கு ஒன்று என்று சொல்லுக்குச் சொல் நகர்த்தாமல் பட்டன் காம்பொனென்ட்டில் ஒரே நகர்வாக வையுங்கள்.

எழுத்தோடு வரும் ஐகானுக்கு aria-hidden (திரைவாசிப்பான் அதைப் படிக்காது), தனியாக நிற்பதற்கு aria-label (திரைவாசிப்பான் படிக்கும் பெயர்). கோப்புக்குப் பெயர் வேலையை வைத்து வேண்டாம், உருவத்தை வைத்து இருக்கட்டும்: ‘டிலீட்’ அல்ல, ‘ட்ராஷ்’. நாளை அதே படம் வேறு வேலைக்கும் வரும்.

வரைகோடு:
லூசிட் பக்கம் போகிறோம். மணி மேல் அறிவிப்புப் புள்ளி வரும்போது கோடு புள்ளியில் முட்டுகிறதே?

கட்டம்24:
புள்ளியின் ஆரம் 3 என்றால், அதே மையத்தில் ஆரம் 5 வட்டத்தால் மணியை வெட்டுங்கள். நடுவில் 2 இடைவெளி கிடைக்கும். வெள்ளை வளையம் போட்டு மறைக்க வேண்டாம், டார்க் மோடில் அது பளிச்சென்று தெரியும். புள்ளி இல்லாத மணியைத் தனி ஐகானாகவே வையுங்கள்.