மறு: ஹெட்ரூமுக்குத் தமிழ்ச் சொல் – ‘தெளிவெளி’ என்று முன்மொழிகிறேன்

அன்பின் நண்பர்களுக்கு,

இழை இரண்டாகப் பிரிந்துவிட்டது. உவர்மலைத் தம்பி கேட்டது கிற்றாருக்கு எந்த வால்வு அம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவி) வாங்கலாம் என்று. கலைச்சொல்லில் ஆர்வமுள்ளவர்கள் அவருடைய கடிதத்தில் இருந்த ‘ஹெட்ரூம்’ (ஒலி கரகரக்கத் தொடங்கும் முன்பு அம்பில் மிச்சமிருக்கும் இடம்) என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தனியாகப் போய்விட்டார்கள். எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது. ஹெட்ரூம் என்றால் என்ன என்று விளங்காமல் வால்வு அம்ப் தெரிவு செய்ய முடியாது. அம்புக்கு முன்னால் நின்று கிற்றாரை மீட்டிப் பார்க்காமல் அதற்குச் சொல் வைக்கவும் முடியாது. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அடிப்படைச் சொற்களில் அதிக நேரம் செலவழிக்கத் தேவையில்லை. அம்ப்ளிஃபயரை இலங்கையில் உயர்தரத்தில் விரியலாக்கி என்று படித்தோம், தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பெருக்கி என்கின்றன. இரண்டும் இருக்கட்டும். வாசிப்பவர்கள் அம்ப் என்றுதான் சொல்வார்கள், அதையும் தடுக்க வேண்டாம். வால்வுக்கு வெற்றிடக் குழல் என்ற சொல் இருக்கிறது. ஆனால் வால்வு றேடியோ வைத்திருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு வால்வு தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. நான் வால்வு என்றே எழுதுவேன்.

இப்போது விசயத்துக்கு வருவோம்.

> ஹெட்ரூம் = தலையிடம். நேராகவே இருக்கிறதே, ஏன் தேட வேண்டும்?

தலையிடம் என்றால் தமிழ் காதுக்கு முதன்மையான இடம், தலைமையகம் என்றுதான் கேட்கும். வாசலில் தலை இடிக்காமல் போக மேலே விட்ட இடம் என்ற படம் ஆங்கிலம் பேசுகிறவருக்கு உடனே வரும், நமக்கு வராது. படம் வராத இடத்தில் சொல்லை மட்டும் கொண்டுவந்து வைத்தால் ஒவ்வொரு முறையும் அடிக்குறிப்பு போட வேண்டியிருக்கும்.

> ‘மீதி வீச்சு’ என்றால் இயற்பியல்படி பிழையில்லை.

பிழையில்லை, ஐயா. ஒலிப்பதிவுக் கூடத்தில் டெசிபெல் மானியைப் பார்த்து வேலை செய்கிறவருக்கு அது போதும். கிற்றார்காரர் கேட்கும் கேள்வி வேறு. அவர் சத்தக் குமிழைத் திருப்பிக்கொண்டே போகிறார். ஒலி வடிவாக, தெளிவாகப் பெருகிக்கொண்டே வருகிறது. ஓரிடத்தில் அது கரகரக்கத் தொடங்குகிறது. அந்த இடத்துக்கு முன்னால் அவருக்கு எவ்வளவு பரப்பு இருக்கிறது? மீதி வீச்சு என்ற சொல் அந்தப் பரப்பு தெளிவானது என்பதைச் சொல்லவில்லை. கிற்றார்காரருக்கு அந்தத் தெளிவுதான் முக்கியம்.

அளவோடு பார்த்தால் இன்னும் விளங்கும். ஒருவர் சாதாரணமாக வாசிக்கும்போது அம்பிலிருந்து 2 வாட் அளவு வெளியே போகிறது என்று வைத்துக்கொள்வோம். அம்பின் தெளிவான உச்சம் 22 வாட் என்றால் மேலே ஏறத்தாழ 10 டெசிபெல் மிச்சம் இருக்கிறது. அதே வாசிப்புக்கு 85 வாட் அம்ப் என்றால் ஏறத்தாழ 16 டெசிபெல். கிற்றார்க் கம்பியைத் தட்டும் முதல் கணத்தில் ஒலி ஒரு பாய்ச்சல் பாய்ந்து பிறகு அடங்கும். அந்தப் பாய்ச்சல் மிச்சத்துக்குள் அடங்கினால் தெளிவாகக் கேட்கும், அடங்காவிட்டால் ஒலியலையின் தலை நறுக்கப்பட்டுக் கரகரக்கும். இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வாட் நான்கு மடங்கு கூடியும் வித்தியாசம் 6 டெசிபெல்தான். காதுக்குச் சத்தம் இருமடங்காகத் தெரிய ஏறத்தாழ 10 டெசிபெல் வேண்டும். 15 வாட் அம்பை விட்டு 30 வாட் அம்ப் வாங்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபெல். அதே 3 டெசிபெலை, 97 டெசிபெல் உணர்திறன் (அதே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) உள்ள ஸ்பீக்கரைக் கழற்றி 100 டெசிபெல் ஸ்பீக்கர் போட்டும் பெறலாம். வாட் எண்ணைப் பார்த்து மட்டும் அம்ப் வாங்க வேண்டாம் என்று தம்பிக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதனால்தான்.

சரி, சொல். நான் முன்வைப்பது தெளிவெளி.

தெளிநீர் போல இது வினைத்தொகை. தெளி என்ற வேரோடு வெளி சேர்கிறது. தெளிவுவெளி என்று எழுத வேண்டாமா என்று யாராவது கேட்பீர்கள். எழுதலாம், ஆனால் நாக்கில் தடக்கும், இரண்டு வாரத்தில் தானாகவே தெளிவெளி ஆகிவிடும். ‘வெளி என்றால் வெளியே என்று குழம்பும்’ என்று மட்டக்களப்பிலிருந்து வந்த மறுப்பையும் பார்த்தேன். வயல்வெளி, இடைவெளி, விண்வெளி என்பவற்றில் யாரும் குழம்புவதில்லை. அதிலும் திருகோணமலைக்காரர் குழம்ப வாய்ப்பே இல்லை. நகரிலிருந்து வடக்கே கரையோரமாகப் போனால் முதலில் உப்புவெளி, பிறகு நிலாவெளி. வெளி என்றால் தடையில்லாமல் விரிந்து கிடக்கும் இடம் என்பது எங்களுக்கு ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தால்தான் சொல் நிற்குமா என்று தெரியும். ‘இந்த அம்பில் தெளிவெளி கூட.’ ‘ஹம்பக்கர் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்னாக்கும் பலமான உறுப்பு) போட்டால் தெளிவெளி குறையும்.’ ‘தெளிவெளி போதாது, ட்ரம்ஸ் தொடங்கியதும் கரகரக்கிறது.’ ‘தெளிவெளி 16 டெசிபெல்.’ நான்கிலும் இடறவில்லை. கிற்றார்காரருக்கும் ஒலிப்பதிவாளருக்கும் ஒரே சொல் போதும் என்பது இதன் பெரிய வசதி.

தெளிவெளி முடியும் இடத்துக்கும் ஒரு சொல் வேண்டும். ஆங்கிலத்தில் பிரேக்அப் என்கிறார்கள். உடைவு என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. அங்கே எதுவும் உடைவதில்லை, ஒலியின் ஓரம் மெல்லச் சிதறுகிறது. நம்மிடம் இதற்கு ஏற்கனவே சொல் இருக்கிறது: பிசிறு. பாடகரின் குரல் உச்சத்தில் பிசிறு தட்டியது என்று எத்தனையோ கச்சேரி விமர்சனங்களில் வாசித்திருக்கிறோம். வால்வு அம்பில் நடப்பதும் அதே மாதிரியான ஒன்று. அம்ப் பிசிறத் தொடங்குகிறது, பிசிறு தட்டுகிறது, பிசிறு முனை குமிழின் 5ஆம் எண்ணில் வருகிறது. வினையாகவும் பெயராகவும் ஓடும் சொல் இது. பாடகருக்குப் பிசிறு குறை, கிற்றாருக்கு அது விரும்பித் தேடும் அழகு. அந்த மதிப்பு மாற்றத்தைச் சொல் தாங்கும் என்று நம்புகிறேன். புளூஸ் வாசிக்கிறவர்கள் அந்த ஓரத்தில் நிற்கத்தானே மணிக்கணக்காகக் குமிழைத் திருப்புகிறார்கள்.

இந்த இரண்டு சொல்லையும் கையில் வைத்துக்கொண்டு தம்பி எழுதிய அம்புகளைப் பார்ப்போம்.

அமெரிக்க நிறுவனமான ஃபெண்டரின் ட்வின் ரிவேர்ப், டீலக்ஸ் ரிவேர்ப் இரண்டும் 1963இல் வந்தவை. ட்வினில் நான்கு 6எல்6 வால்வு, இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர், 85 வாட். தெளிவெளி மிகப் பெரியது. சாதாரண மண்டபத்தில் அதன் பிசிறு முனையைத் தொடும் அளவுக்கு யாரும் சத்தம் வைக்க முடியாது. பெடல்களை (காலால் இயக்கும் தொனிமாற்றுப் பெட்டிகள்) முன்னால் போட்டுத் தொனியை அவற்றில் உருவாக்குகிறவருக்கு இது நல்ல தளம். தூக்குவதற்கு ஆள் வேண்டும், ஏறத்தாழ 29 கிலோ. டீலக்ஸில் இரண்டு 6வி6, ஒரு 12 அங்குல ஸ்பீக்கர், 22 வாட். தெளிவெளி நடுத்தரம். குமிழைப் பாதிக்கு அருகே கொண்டுவந்தால் பிசிறத் தொடங்கும். எந்த இடத்தில் என்பது பிக்கப்பையும் விரலின் பலத்தையும் பொறுத்தது.

வொக்ஸ் ஏசி30 வேறு குணம். 1950களின் இறுதியில் இங்கிலாந்தில் பிறந்தது, நான்கு ஈஎல்84 வால்வு, ஏறத்தாழ 30 வாட். அதன் பவர்ப் பகுதியில் எதிர்ப் பின்னூட்டு (வெளியீட்டில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துத் திரிபைக் குறைக்கும் ஏற்பாடு) இல்லை. பின்னூட்டு உள்ள அம்ப் எல்லைவரை தெளிவாக வந்து பிறகு சட்டென்று பிசிறும். பின்னூட்டு இல்லாத அம்பில் தெளிவுக்கும் பிசிறுக்கும் நடுவே கோடு போட முடியாது, ஒன்று மற்றதில் கரையும். ஆகவே தெளிவெளியின் அளவை மட்டும் பார்த்தால் போதாது, அது எப்படி முடிகிறது என்பதையும் கேட்க வேண்டும். ‘கூர்மையாகப் பிசிறும்’, ‘மெல்லப் பிசிறும்’ என்று சொன்னால் விளங்கிவிடும். இதற்கெல்லாம் தனிக் கலைச்சொல் வேண்டாம்.

மார்ஷல் அம்பின் கதை கலைச்சொல்லுக்கு வெளியே போகிறது, ஆனாலும் சொல்ல ஆசை. 1960களின் தொடக்கத்தில் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் செய்த ஜேடிஎம்45 அம்ப், ஃபெண்டரின் பாஸ்மன் அம்பின் சுற்றை ஏறத்தாழ அப்படியே எடுத்தது. ஆனால் ரான்ஸ்போமரும் வால்வும் ஸ்பீக்கரும் அங்கே கிடைத்தவை. ஒரே வரைபடத்திலிருந்து இரண்டு தொனி பிறந்தது. வரைபடத்தைப் பார்த்து அம்ப் தெரிவு செய்ய முடியாது, கேட்கத்தான் வேண்டும்.

அடுத்து, யாரும் இன்னும் தொடாத ஒரு சொல்: ஆங்கிலத்தில் ‘சாக்’ (sag) என்பது. டீலக்ஸிலும் பழைய ஏசி30இலும் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாகச் சீராக்குவதும் ஒரு வால்வுதான். கம்பியைப் பலமாகத் தட்டும்போது அந்த வால்வில் மின்னழுத்தம் ஒரு கணம் கீழே இறங்கி மெல்ல மேலே வரும். ஒலி அமுங்கி மலர்வது போலக் கேட்கும். ட்வினில் சீராக்குவது குறைகடத்தி இருவாயி (டயோட்), அதனால் அது விறைப்பாக நிற்கும். இதற்கு நான் வைப்பது தொய்வு. கயிறு தொய்வது நமக்குத் தெரியும். கதையில் தொய்வு என்று குறையாகச் சொல்லும் வழக்கம் இருக்கிறது, அதற்காக இந்தச் சொல்லை விட்டுவிட மனமில்லை. இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் உடனே மாற்றிக்கொள்வேன்.

தம்பி, இனி உங்களுக்கு. ஞாயிறு காலையில் கோயிலில் பாடகர் குழுவோடு, சனி இரவில் உப்புவெளி விடுதிகளில் பைலாவும் பழைய பாட்டும் என்று எழுதியிருந்தீர்கள். பல விதமாக வாசிக்க வேண்டும் என்பதால் ஆகக்கூடிய தெளிவெளி உள்ள அம்ப் வேண்டும் என்று நினைக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பெரிய தெளிவெளியில் பிசிறு எட்டாத தூரத்தில் போய்விடும். அப்போது உங்களுக்கு உண்மையில் ஒரு தொனிதான் மிஞ்சும், மற்றதெல்லாம் பெடலின் வேலை. 22 வாட் வகையில் கிற்றாரின் சத்தக் குமிழைக் குறைத்தால் தெளிவு, கூட்டினால் பிசிறு. இரண்டு தொனியும் உங்கள் சின்ன விரலில் இருக்கும். கோயிலின் எதிர்முழக்கத்துக்கு அதன் கால்வாசிச் சத்தமே போதும்.

கடற்கரையில்தான் சிக்கல் வரும். திறந்த இடத்தில் சுவர் இல்லை, ஒலி திரும்பி வருவதில்லை. தூரம் இருமடங்காகும்போதெல்லாம் 6 டெசிபெல் குறையும். அதை அம்பின் பலத்தால் வெல்ல நினைத்தால் குமிழ் மேலே போய்த் தெளிவெளி முடிந்துவிடும். அம்புக்கு முன்னால் ஒரு மைக் வைத்து விடுதியின் ஒலிபெருக்கிக்குக் கொடுத்துவிடுங்கள். அம்ப் தன் இனிமையான இடத்திலேயே நிற்கட்டும், தூரத்தை ஒலிபெருக்கி பார்த்துக்கொள்ளும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் அம்ப் என்றால் பின்பக்கத் தகட்டை வாசியுங்கள். அங்கே 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். வோல்ட்டைக் குறைக்கும் ரான்ஸ்போமர் அதிர்வெண்ணை மாற்றாது. 60க்கு மட்டும் நெருக்கமாக வடிவமைத்த பவர் ரான்ஸ்போமர் 50இல் அதிகம் சூடாகும். தகட்டில் 50/60 என்று இருந்தால் பயமில்லை. ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு அம்பை ஒருபோதும் வாசிக்க வேண்டாம், வெளியீட்டு ரான்ஸ்போமர் எரிந்துபோகலாம். உள்ளே கை வைக்கவும் வேண்டாம். மின்னை நிறுத்திய பிறகும் கொள்ளளவிகளில் (மின்னைச் சேமித்து வைக்கும் உறுப்புகள்) பல நூறு வோல்ட் நிற்கக்கூடும். எங்கள் உப்புக்காற்றில் வால்வுக் கால்களும் ஜாக் துளைகளும் கறுத்துப்போகும். பழக்கமுள்ள ஒருவரைக் கொண்டு இடைக்கிடை துடைப்பியுங்கள்.

ஓவர்ட்ரைவ் (அம்பை எல்லைக்கு மேல் தள்ளிக் கரகரக்க வைப்பது), ரிவேர்ப் இரண்டுக்கும் சொல் என்ன என்று கொழும்புத் தங்கை கேட்டிருந்தார். ரிவேர்புக்கு எதிர்முழக்கம் ஏற்கனவே பாடநூலில் இருக்கிறது, மேலே நானும் அதையே எழுதினேன். அம்பில் உள்ள சுருள்கம்பிப் பெட்டியைச் சொல்லும்போது மட்டும் ரிவேர்ப் என்று விடலாம். ஓவர்ட்ரைவை இப்போதைக்குத் தொட வேண்டாம் என்பது என் எண்ணம். பிசிறு வழக்கில் நிலைத்தால் ‘மிகைப்பிசிறு’ தானாக வரக்கூடும், இப்போதே கட்டிவிட்டால் இரண்டும் நிற்காது.

தெளிவெளி, பிசிறு, தொய்வு மூன்றையும் பட்டியலில் சேர்க்கும் முன்பு வாசிக்கிறவர்கள் தங்கள் ஒத்திகையில் சொல்லிப் பாருங்கள். சக வாத்தியக்காரர் விளக்கம் கேட்காமல் குமிழைத் திருப்பினாரா என்பதை இந்த இழையிலேயே எழுதுங்கள்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து