வெள்ள நிவாரணத்துக்கு டில்ட் ரோட்டரா, ஹெலிகொப்டரா?

வந்தாறுமூலை மாணவன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். ஹெலிகொப்டரைப் போல் செங்குத்தாக எழுந்து, பின் சுழலிகளை (ரோட்டர்களை) முன்னோக்கிச் சாய்த்து விமானம் போல் பறக்கும் ஒஸ்பிரே டில்ட் ரோட்டர் விமானம் உள்ளே 9 தொன் வரை ஏற்றும் என்றும், சுமார் 1,600 கிலோமீற்றர் பறக்கும் என்றும் வாசித்தேன். எமது விமானப்படை பயன்படுத்தும் எம்.ஐ. 17 ஹெலிகொப்டர் 4 தொன்னுடனும் ஏறத்தாழ 500 கிலோமீற்றருடனும் நின்றுவிடுகிறது. 2011 ஜனவரியில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஊர்கள் வெள்ளத்தில் துண்டிக்கப்பட்டதைப் போன்ற வேளையில், டில்ட் ரோட்டர் இருந்தால் நிவாரணப் பொருட்கள் இரண்டு மடங்கு வந்து சேருமா?

கல்லடி பொறியியலாளர்:

தம்பி, அந்த 9 தொன்னும் 1,600 கிலோமீற்றரும் ஒரே பறப்பில் சேர்ந்து கிடைப்பவை அல்ல. ஒஸ்பிரேயின் வெற்று எடை சுமார் 15 தொன். அது செங்குத்தாக எழக்கூடிய உச்ச எடை 23.8 தொன். இடைப்பட்ட 9 தொன்னுக்கும் குறைவான பங்குக்குள் பணியாளர், எரிபொருள், சரக்கு மூன்றும் அடங்க வேண்டும். தாங்கிகளை நிரப்பினால் எரிபொருளே 5 தொன்னைத் தொட்டுவிடும். சரக்குக்கு மிஞ்சுவது மூன்றரைத் தொன் அளவே.

இதற்கு அடிப்படைக் காரணம் சுழலியின் பரப்பு. ஒஸ்பிரேயின் இரு சுழலிகளும் தலா 11.6 மீற்றர் விட்டம் உடையவை. ஏறத்தாழ அதே உச்ச எடையுள்ள சினூக் ஹெலிகொப்டரின் சுழலிகளோ தலா 18.3 மீற்றர். நிறையக் காற்றை மெதுவாகக் கீழே தள்ளுவதற்குத் தேவைப்படும் வலு, குறைந்த காற்றை வேகமாகத் தள்ளுவதற்குத் தேவைப்படுவதைவிடக் குறைவு. ஆகையால்தான் 6,150 குதிரைவலு இயந்திரங்கள் இரண்டைக் கொண்ட ஒஸ்பிரேயைவிட, 4,700 அளவிலான இரண்டைக் கொண்ட சினூக் கூடுதலாக, 10 தொன்னுக்கும் மேல் தூக்குகிறது. ஒஸ்பிரேயில் சுழலியைப் பெரிதாக்கவும் வழியில்லை, ஏனெனில் முன்னோக்கிச் சாய்ந்த பின் அதுவே விமானத்தின் உந்துவிசிறியாக வேலை செய்ய வேண்டும். இறக்கையும், சாய்க்கும் பொறிமுறையும், ஓர் இயந்திரம் நின்றால் மற்றையது இரு சுழலிகளையும் சுழற்றுவதற்கான இணைப்புத் தண்டும் ஹெலிகொப்டர் சுமக்கத் தேவையில்லாத எடைகள்.

அம்பாறை வாசகர்:

தூரத்தில் டில்ட் ரோட்டரின் மேன்மையை மறுக்க முடியாது. இறக்கை தாங்குவதால் அது மணிக்கு 500 கிலோமீற்றர் வேகத்தை நெருங்குகிறது. ஹெலிகொப்டர் வேகமெடுக்கும்போது சுழலியின் பின்னோக்கிச் செல்லும் அலகு (இதழ்) தூக்குவிசையை இழப்பதால் 300-ஐத் தாண்டுவதே கடினம். 2013-இல் ஹையான் சூறாவளியின் பின் ஒக்கினாவாவிலிருந்து பிலிப்பைன்ஸுக்கு ஒஸ்பிரேகள் தாமாகவே பறந்து சென்றன.

ஆனால் ஹிங்குராக்கொடை விமானப்படைத் தளத்திலிருந்து மட்டக்களப்பு 90 கிலோமீற்றர்தான். எம்.ஐ. 17 அதை அரை மணி நேரத்துக்குள் கடந்துவிடும். அரிசி மூட்டைகளை ஏற்றி இறக்கச் செல்லும் நேரத்தின் முன், பறப்பில் மிச்சமாகும் பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள் பெரிதல்ல. அத்துடன், ஒஸ்பிரேயின் கீழ்க்காற்று மிகக் கடுமையானது: 2010-இல் நியூயோர்க்கில் ஒரு பூங்காவில் அது இறங்கியபோது மரக்கிளைகள் முறிந்து, பார்த்து நின்றவர்கள் காயமடைந்தார்கள். ஆணி தளர்ந்த தகரக் கூரைகளும் கிடுகுக் கொட்டில்களும் சூழ்ந்த ஒரு பாடசாலை மைதானத்தில் அதனை இறக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

வந்தாறுமூலை மாணவன்:

நன்றி. மட்டக்களப்பில் ஓடுபாதை இருக்கிறதே. ஓடி எழுந்தால் கூடுதலாக ஏற்ற முடியாதா?

கல்லடி பொறியியலாளர்:

முடியும்; குறுகிய ஓட்டத்துடன் 25.8 தொன் வரை எழலாம். எனினும் போய்ச் சேரும் ஊரில் ஓடுபாதை இல்லாததால் செங்குத்தாகவே இறங்க வேண்டும். இவ்வளவு குறுகிய தூரத்தில் இரண்டு தொன் எரிபொருள் தீராது, ஆகவே கூடுதலாக ஏற்றிய சுமையோடு இறங்கவும் முடியாது.

நமது கரைக்கு அது உண்மையில் பயன்படக்கூடிய இடம் ஆழ்கடல் என்றே கருதுகிறேன். வாழைச்சேனையிலிருந்து செல்லும் பலநாள் படகில் ஒருவர் 400 கிலோமீற்றருக்கு அப்பால் நோயுற்றால், எம்.ஐ. 17 அவரை எடுத்துக்கொண்டு கரை திரும்ப அதன் எரிபொருள் போதாது. ஒஸ்பிரே ஒரு மணி நேரத்துக்குள் அங்கே சென்று, மிதந்து நின்று அவரைத் தூக்கி, மீதமுள்ள எரிபொருளுடன் மட்டக்களப்புக்கே திரும்பிவிடும்.