பொருள்: மைக் பழுது – கேப்சூல், டயஃப்ரம் இரண்டுக்கும் தனிச்சொல் வேண்டும்

வணக்கம்.

ஒலிப்பதிவுக் கூடத்துக்கான பழுதுபார்ப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். கன்டென்சர் மைக்கை 'மின்தேக்கி ஒலிவாங்கி' என்றே எழுதிவிட்டேன், அதில் சிக்கல் இல்லை. டயஃப்ரத்துக்கு அகராதியைப் பார்த்து 'உதரவிதானம்' என்றும், கேப்சூலுக்கு 'மாத்திரை' என்றும் போட்டிருக்கிறேன். பேன்டம் பவருக்கு (ஒலிக்கம்பி வழியாகவே மைக்குக்குத் தரும் மின்சாரம்) 'மறைமின்னூட்டம்'. இப்போது ஒரு வரி இப்படி வருகிறது: "உதரவிதானம் பழுதானால் மாத்திரையை மாற்றவும்." படித்தால் எனக்கே மருத்துவக் குறிப்பு போல இருக்கிறது. உதவுங்கள்.

– மொழிபெயர்ப்பாளர்

*

> "உதரவிதானம் பழுதானால் மாத்திரையை மாற்றவும்."

அம்மா, வணக்கம். உதரவிதானம் துடித்தால் விக்கல் வரும். மைக்குக்கு விக்கல் வராது. பொரிகிற சத்தம்தான் வரும். அந்தச் சத்தத்திலிருந்தே தொடங்குகிறேன். எந்த உறுப்பு கெட்டது என்று சுட்டிக்காட்ட முடியாத சொல்லை வைத்துப் பழுதுபார்க்க முடியாது என்பதுதான் என் கட்சி.

மின்தேக்கி ஒலிவாங்கியின் உள்ளே, பல துளைகள் இட்ட உலோகத் தகடு ஒன்று இருக்கும். அதன் முன்னால், சில மைக்ரான் மட்டுமே தடிப்புள்ள பிளாஸ்டிக் ஏடு விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். ஏட்டின் மேல் தங்கப் பூச்சு. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி தலைமுடியின் தடிப்பைவிடக் குறைவு. ஏடு அதிர்ந்தால் இடைவெளி மாறும், மின்தேக்குத்திறனும் மாறும், அதுவே குறிகை (சிக்னல்) ஆகிறது. ஏடு மட்டும் டயஃப்ரம். ஏடு, தகடு, வளையம் எல்லாம் சேர்ந்த முழு உறுப்பு கேப்சூல்.

மைக்கின் மின்சுற்றில் நூறு கோடி ஓம் அளவிலான மின்தடையம் ஒன்று உண்டு. அவ்வளவு பெரிய தடை இருக்கும் இடத்தில் கொஞ்சம் ஈரம், ஒரு விரல்ரேகை, பற்றவைத்தபோது ஒட்டிய ஃப்ளக்ஸ் பசை, எது இருந்தாலும் மின்சாரம் அதன் வழியே கசியும். வெளியே 'படபட'வென்று கேட்கும். ஆகவே சத்தம் வந்த உடனே கேப்சூலைக் குறை சொல்லக் கூடாது. முதலில் கம்பி, பிறகு மிக்சரின் வேறொரு வாய், அதன் பிறகு, கம்பி முனைச் செருகியின் முதல் ஊசிக்கும் இரண்டாம், மூன்றாம் ஊசிகளுக்கும் இடையே பேன்டம் பவரின் 48 வோல்ட் வருகிறதா என்ற சோதனை. 44 முதல் 52 வரை இருந்தால் சரி. அதற்கும் பிறகு, மைக்கை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு மூடிய டப்பாவில் ஒரு நாள் வைத்துப் பாருங்கள். பலமுறை அதிலேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் மூன்று வேலைகள். ஏட்டின் மேல் படிந்த எச்சிலையும் தூசியையும் நீக்குவது (கைதேர்ந்தவர் செய்ய வேண்டியது, ஏடு கிழிந்தால் கதை முடிந்தது). ஏட்டை மட்டும் புதிதாகக் கட்டுவது. கேப்சூலையே மாற்றுவது. உங்கள் மொழிபெயர்ப்பில் மூன்றும் 'மாற்றுதல்' ஆகிவிட்டன. இவற்றின் செலவுகளுக்குள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஆகவே டயஃப்ரத்துக்கு 'தோல்' என்கிறேன். தோல்கருவிக்குத் தோல் மாற்றுவது நமக்குப் புதிதா? 'தோல் தளர்ந்தது', 'தோல் கிழிந்தது', 'தோல் கட்டுதல்' எல்லாம் தாமாகவே வந்து விழும். கேப்சூலுக்கு 'வாங்குமுகம்'. ஒலியை வாங்கும் முகம். முன்னும் பின்னும் தோல் உள்ளதை 'இருமுக ஒலிவாங்கி' எனலாம். அதிலும் ஒரு நன்மை: முன்பக்க ஒலியை மட்டும் வாங்கும் நிலையில் இல்லாத இரைச்சல், முன்னும் பின்னும் வாங்கும் எட்டு வடிவ நிலையில் வந்தால், 'பின்தோலைப் பார்' என்று இரண்டே சொல்லில் எழுதிவிடலாம்.

மறைமின்னூட்டம் வேண்டாம். பள்ளிப் பாடநூலில் மின்னூட்டம் என்பது சார்ஜ். மின்தேக்கியைப் பற்றிப் பேசும் இடத்தில் அது பெருங்குழப்பம். 'மறைமின் வழங்கல்' போதும்.

– ஒலிப்பதிவுப் பொறியாளர்

*

ஐயா, தோல் என்பது விலங்கின் தோல். இது பிளாஸ்டிக். கலைச்சொல்லுக்கு ஒரு கறார் வேண்டாமா? 'அதிர்படலம்' என்று வைப்போம். அதிர்வும் வருகிறது, மென்மையும் வருகிறது. 'ஒலியுணரி' என்றால் வாங்குமுகமும் தேவைப்படாது.

– இயற்பியல் ஆசிரியர்

*

> "இது பிளாஸ்டிக்"

இன்று டிரம்மில் பூட்டுவதும் பிளாஸ்டிக்தான். அதையும் தோல் என்றுதானே சொல்கிறோம்?

படலத்தின் மேல் எனக்குப் பகையில்லை, பயம் உண்டு. படலம் என்றால் மேலே படிந்தது என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார். "படலத்தில் உள்ள அழுக்கை நீக்கவும்" என்ற வரியை ஒருவர் அவசரத்தில் "அழுக்குப் படலத்தை நீக்கவும்" என்று படித்தால், தங்கப் பூச்சோடு எல்லாம் போய்விடும். ஒலியுணரி என்ற பெயரில் மின்னணுப் பலகைகளில் பொருத்தும் சிறு கருவி ஏற்கெனவே புழங்குகிறது. மேலும், அது முழு மைக்கையும் குறிக்கும்.

நாய்மன் யு 47 என்ற பழைய மின்தேக்கி ஒலிவாங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தொடக்ககால ஏடு பிவிசியால் ஆனது, வயதானால் இறுகி வெடித்துப்போகும். அதற்குத் தோல் கட்டினால் மீண்டும் பாடும். ஆனால் அதே மைக்கில் குறிகையைப் பெருக்கும் விஎஃப் 14 வெற்றிடக்குழாய் போய்விட்டால், அதன் உற்பத்தி நின்று பல காலம் ஆயிற்று, வேறு குழாயைப் பொருத்திச் சமாளிக்க வேண்டியதுதான். ஒரே கருவியில் ஒன்று பழுதுபார்ப்பு, மற்றது மாற்றீடு. மலிவான மைக்கில் இந்தக் கணக்கே எழாது, தோல் கட்டும் கூலியில் புது மைக் வந்துவிடும். அதையும் கையேட்டில் ஒரு வரி சேருங்கள், மூல ஆசிரியர் எழுதியிருக்காவிட்டாலும்.

– ஒலிப்பதிவுப் பொறியாளர்

*

இருவருக்கும் நன்றி. சொற்பட்டியலில் 'தோல்' தலைச்சொல், பக்கத்தில் 'அதிர்படலம்' என்ற மாற்று வடிவம். வரியை இப்படித் திருத்தியிருக்கிறேன்:

"தோல் அழுக்கானால் துடைக்க முயலாமல் வல்லுநரிடம் தரவும். தளர்ந்தாலோ கிழிந்தாலோ தோல் கட்டலாம். தகடும் கெட்டிருந்தால் வாங்குமுகத்தை மாற்றவும்."

அடுத்த பக்கத்தில், வாங்குமுகத்தைச் சுற்றியிருக்கும் கம்பிவலை மூடி வருகிறது. 'வலைக்கூடு' என்று எழுதலாமா, 'வலைமூடி' போதுமா?

– மொழிபெயர்ப்பாளர்