அப்பாவும் நானும் சேர்ந்து ஒரு கண்காட்சி: படங்களைக் கலந்து மாட்டுவதா, பிரித்தா?

கரிக்கோடு:
அப்பா ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர். 1995 யுத்த இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்து வீட்டோடு படங்களும் போய்விட்டன, அவற்றையே இப்போது நினைவிலிருந்து நீர்வர்ணத்தில் வரைகிறார், கிணற்றடியை மட்டும் எத்தனை தரம் என்று கணக்கே இல்லை. நான் 2022 இல், பேப்பர் இல்லாமல் தவணைப் பரீட்சையே தள்ளிப்போன நேரம், பிஸ்கட் பெட்டிகளைக் கிழித்து உள்பக்கத்தில் கரியால் கீறியவள்: காஸ் வரிசை, கரண்ட் போன மாடிவீடுகள். இரண்டையும் 'மீண்டெழுதல்' என்று கொழும்பில் வைக்க ஆசை. "உனக்கு ஒரு அறை, எனக்கு ஒரு அறை" என்கிறார் அப்பா. எனக்குக் கலந்து மாட்டத்தான் விருப்பம். எங்கே வைக்கலாம்?

சுண்ணாம்புச்சுவர்:
கலந்தே மாட்டுங்கள் தங்கச்சி. அறை பிரித்தால் வருகிறவர்கள் 'இது யுத்தம், அது பொருளாதார நெருக்கடி' என்று தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். கிணற்றடியில் வாளியோடு நிற்கிறவர்களுக்குப் பக்கத்தில் காஸ் சிலிண்டரோடு நிற்கிறவர்களை வையுங்கள், வேறு விளக்கமே வேண்டாம். வாசலில் ஒரு பக்கத்துக்குத் தத்துவம் எழுதி ஒட்டுகிற பழக்கம் எனக்குப் பிடிக்காது, அதை மட்டும் செய்துவிடாதீர்கள். படத்தின் பெயர், ஆண்டு, எதில் வரைந்தது, மூன்று மொழியிலும். அவ்வளவு போதும்.

ஏழாம்வட்டாரம்:
லயனல் வெண்ட் கலையரங்கில் காட்சிக்கூடமும் இருக்கிறது, அங்கே கேட்டுப் பாருங்கள், நாடகம் பார்க்க வருகிறவர்களும் எட்டிப் பார்ப்பார்கள். முன்கூட்டியே பதிய வேண்டும். கிறீன் பாத் தெருவில் கலா பொல என்ற ஓவியச் சந்தை 1993 இலிருந்து நடக்கிறது, கூட்டத்துக்குக் குறைவில்லை, ஆனால் திறந்தவெளி, அதுவும் ஒருநாள்தான். கரிப்படத்துக்கும் பிஸ்கட் பெட்டிக்கும் அந்த வெயிலும் தூசியும் சரிவராது.

பிரேம்கடை:
இடத்தை விடுங்கள், முதலில் பிரேமைப் பாருங்கள். பெட்டி மட்டையில் அமிலம் இருக்கிறது, தானாகவே பழுத்து நொறுங்கும். பின்னால் ஹார்ட்போர்ட் அடித்திருந்தால் அதிலும் அமிலம்தான், கழற்றிவிட்டு அமிலமில்லாத மட்டை வையுங்கள். கரிப்படத்துக்குப் பேர்ஸ்பெக்ஸ் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகடு) போடவே வேண்டாம், துடைக்கும்போது மின்னூட்டம் ஏறிக் கரித்தூளை இழுத்துவிடும், கண்ணாடிதான் நல்லது. அதுவும் படத்தில் முட்டாதபடி நடுவில் மவுண்ட், அதாவது படத்தைச் சுற்றி வெட்டிய மட்டைச் சட்டம், வர வேண்டும். மாஸ்டரின் நீர்வர்ணத்துக்கும் அப்படித்தான், வெள்ளவத்தைக் கடற்காற்றில் கண்ணாடியோடு ஒட்டிய தாளில் பூஞ்சணம் பிடிக்க ஒரு மழைக்காலம் போதும்.

கரிக்கோடு:
நன்றி எல்லோருக்கும். ஐயோ, எல்லாவற்றுக்கும் ஹார்ட்போர்ட்தான் அடித்திருக்கிறது. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், கிணற்றடியையும் காஸ் வரிசையையும் பக்கத்தில் வைக்கச் சம்மதம், மற்றதெல்லாம் பிறகு பார்ப்போமாம். பிரேம்கடை அண்ணா, அமிலமில்லாத மட்டை கொழும்பில் எங்கே வாங்கலாம்?