'ரன்' என்றால் ஓடு மட்டும்தானா?

சொல்தேடி:
மொழிபெயர்ப்பில் 'ரன்' வரும் இடமெல்லாம் தடுக்குது. 'ஷீ ரன்ஸ் எ ஸ்கூல்', 'மை நோஸ் இஸ் ரன்னிங்', 'வி ரான் அவுட் ஆஃப் பேப்பர்'. மூன்றிலும் ஓட்டம் எங்கே இருக்கு? மனப்பாடம் பண்ணாமல் பிடிபட வழி உண்டா?

வினையெச்சம்:
மனப்பாடம் நடக்கிற காரியமில்லை. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் திருத்திய பதிவில் வினைச்சொல்லாக மட்டுமே 645 பொருள். 1928இல் முடிந்த முதல் பதிப்பில் முன்னால் நின்ற 'செட்' இப்போது இதற்குப் பின்னால்தான்.

முதலில் செயப்படுபொருள் இருக்கிறதா என்று பாருங்கள். நமக்கு ஓடு வேறு, ஓட்டு வேறு. பழைய ஆங்கிலத்திலும் அப்படித்தான்: தானாக ஓடுவதற்கு 'ரின்னன்', ஓடச் செய்வதற்கு 'ஏர்னன்'. பிறகு இரண்டும் ஒரே 'ரன்'னில் கலந்துவிட்டன. 'தி மெஷின் ரன்ஸ்' என்றால் மெஷின் ஓடுது. 'ஹீ ரன்ஸ் தி மெஷின்' என்றால் அவர் ஓட்டுகிறார். பள்ளி, கம்பெனி வந்தால் 'நடத்துகிறார்'.

நீர் சம்பந்தப்பட்டால் தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனி வினை. மூக்கு ஒழுகும், துணியில் சாயம் போகும். 'ரன் எ பாத்' என்றால் குளிக்கத் தொட்டியில் தண்ணீர் பிடிப்பது; குளியலை 'ஓட்டி' வைக்காதீர்கள்.

ஒட்டுச்சொல்:
உங்கள் மூன்றாவது வாக்கியத்தில் 'ஆஃப்' முக்கியம். ஆள் எழுவாயானால் 'ரான் அவுட் ஆஃப் பேப்பர்'. தீர்ந்த பொருளே எழுவாயானால் வெறும் 'தி பேப்பர் ரான் அவுட்'. இங்கே 'ஆஃப்' ஒட்டினால் வாக்கியம் அந்தரத்தில் நிற்கும்.

'ரன் ஓவர்' இன்னும் வம்பு. நோட்ஸ் வந்தால் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது, மீட்டிங் வந்தால் நேரம் தாண்டுவது, கார் வந்தால் மேலே ஏற்றுவது. 'ரான் இட் ஓவர்' என்று பெயர் நடுவில் நுழைந்தால் பெரும்பாலும் வண்டி ஏற்றியதுதான். 'ரன் இன்டு' அப்படிப் பிரியாது: நண்பர் வந்தால் தற்செயலாகச் சந்திப்பது, சுவர் வந்தால் மோதுவது.

வினையெச்சம்:
இன்னொன்று விட்டுப்போச்சு. பின்னால் பண்புச்சொல் வந்தால் 'ரன்' என்பது 'ஆகு' மாதிரி. கிணறு 'ரன் டிரை' என்றால் வற்றிப்போகும். 'ஐ ஆம் ரன்னிங் லேட்' என்பவர் ஓடிவரவில்லை, தாமதமாகிறது என்கிறார். ஆட்டோவில் உட்கார்ந்தும் சொல்லலாம். தேர்தலில் நிற்பது அமெரிக்காவில் 'ரன்', பிரிட்டனில் பெரும்பாலும் 'ஸ்டாண்ட்'. எழுதும்போது 'ஹேஸ் ரான்' வேண்டாம், 'ஹேஸ் ரன்'தான் சரி.

பெயர்ச்சொல்லிலும் கண்ணி உண்டு. கிரிக்கெட்டில் எடுப்பது 'ரன்ஸ்'. முன்னால் 'தி' போட்டு 'ஐ ஹேவ் தி ரன்ஸ்' என்றால் வயிற்றுப்போக்கு.

சொல்தேடி:
'தி கான்ட்ராக்ட் ரன்ஸ் ஃபார் டூ இயர்ஸ்'? ஒப்பந்தம் ஓடுமா?

ஒட்டுச்சொல்:
ஓடாது, செல்லும்: 'ஒப்பந்தம் 2 ஆண்டுகளுக்குச் செல்லும்'. நாடகம் 2 ஆண்டு என்றால் 'ஓடியது' என்றே போடலாம். 'தி ரோட் ரன்ஸ் அலாங் தி ரிவர்' வந்தால் சாலை ஆற்றோரமாகப் போகும்.