மாஸ்க் போட்டிருக்கிறவங்களை ஏன்னு கேட்காதீங்க: தருமபுரி, கிருஷ்ணகிரி அனுபவங்கள்

தருமபுரியிலிருந்து:

எங்கம்மா இன்னும் மாஸ்க் போட்டுத்தான் பஸ் ஏறுவாங்க. வயசு 68. சின்ன வயசுல இருந்தே புளி தட்டுற வேலை, சீசன் முழுக்க அந்தத் தூசியிலதான் உட்கார்ந்திருப்பாங்க. வீசிங் அப்பவே உண்டு. 2021 மே மாசம் ரெண்டாவது அலையில கொரோனா வந்து, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில ஆக்சிஜன் வச்சுப் பிழைச்சு வந்தாங்க. படுக்கைக்கு அலைமோதின அந்த நாள்ல முகமே தெரியாத உடுப்புக்குள்ள நின்னு பார்த்துக்கிட்ட நர்ஸுங்களை நான் மறக்கவே மாட்டேன்.

ராத்திரியில இன்னமும் விரல்ல ஆக்சிமீட்டர் மாட்டி, ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவுன்னு பார்ப்போம். மார்கழியில விரல் சில்லுனு இருந்தா 88, 89ன்னு காட்டும். பார்த்ததும் எனக்கு அடிவயித்தைப் பிசையும். கையைத் தேய்ச்சு சூடேத்தி, புளிக்கறை ஏறின அந்த விரலை அசையாம பிடிச்சு, நம்பர் நிக்குற வரைக்கும் பொறுக்கணும். 95ன்னு நின்ன பிறகுதான் வீட்டுல லைட்டை அணைப்போம்.

போன வாரம் பஸ்ல பக்கத்து சீட்டு அம்மா ஒருத்தங்க, "உங்களுக்கு இன்னுமா கொரோனா போகலை?"ன்னு கேட்டுட்டு எழுந்து பின்னாடி போயிட்டாங்க. எங்கம்மா ஒண்ணும் பேசலை. மாஸ்க்கைக் கழட்டி முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க. இப்போ தங்கச்சி வீட்டு வளைகாப்புக்கே வரலைங்கிறாங்க. இதே மாதிரி உங்களுக்கும் நடந்திருந்தா எழுதுங்க. அம்மாவுக்குப் படிச்சுக் காட்டணும்.

ஓசூரிலிருந்து:

அக்கா, அம்மாவை வளைகாப்புக்குக் கட்டாயம் கூட்டிட்டுப் போங்க. மாஸ்க்கோடயே வரட்டும்.

2020ல ஊரடங்கு ஆரம்பிச்ச புதுசுல எங்க மாவட்டத்துல யாருக்குமே பயம் இல்லை. ஏப்ரல் கடைசியில வந்த பட்டியல்ல தமிழ்நாட்டுலயே கிருஷ்ணகிரி மட்டும்தான் பச்சை மண்டலம், அதாவது தொற்று இல்லாத மாவட்டம். மே மாசம் பிறந்ததும் அதுவும் போச்சு. எனக்கு வேலை கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம். ஜூஜூவாடி செக்போஸ்ட்ல பயண அனுமதி இ-பாஸைக் காட்டிட்டு நிக்கிறப்போ ஊரே வேற நாடாயிட்ட மாதிரி இருக்கும்.

மாஸ்க் போடலைன்னா அபராதம் 200 ரூபாய்னு இருந்தப்போ ஒரு நாள் என் மனைவிக்கு இளைப்பு வந்து, மூச்சு வாங்க மாஸ்க்கை மோவாய்க்கு இறக்கியிருந்தா. நிறுத்தினாங்க. இன்ஹேலரை எடுத்துக் காட்டியும் ரசீதுதான் போட்டாங்க. பணம் பெருசில்லை. அத்தனை பேர் பார்க்க நடுரோட்டுல நிக்க வச்சது அவளுக்கு இன்னும் ஆறலை. 2022 ஜனவரியில அது 500 ஆச்சு. விதி வேணும்னுதான் நானும் சொல்வேன், அது இல்லாம போயிருந்தா இன்னும் எத்தனை பேரை இழந்திருப்போமோ. ஆனா ஒரு மனுஷிக்கு மூச்சு வாங்குதுன்னா முதல்ல உட்காரச் சொல்லணும்.

எனக்குக் கொரோனா வந்து போனதுக்கு அப்புறம் சந்திரசூடேஸ்வரர் கோயில் படி ஏற முடியலை. முன்னெல்லாம் பிரதோஷத்துக்கு நிக்காம ஏறுவேன். பாதியில கால் வெலவெலத்து, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். எக்ஸ்ரே, இசிஜி எல்லாம் நார்மல். "மனசுதான்"னு ஒருத்தர் சொல்லி அனுப்பிட்டார். இன்னொரு டாக்டர்தான் உட்கார வச்சுப் பேசினார். கொரோனா வந்து மூணு மாசத்துக்கு அப்புறமும் அசதி, மூச்சு வாங்குறது, மறதி இருக்கலாம், உலக சுகாதார நிறுவனமே அதுக்குத் தனியா விளக்கம் கொடுத்திருக்குன்னு சொன்னார். இது எனக்கு மட்டும் இல்லைன்னு தெரிஞ்சதுலயே பாதி பாரம் இறங்குச்சு. மெதுவா நடந்து, முடியலைன்னா உடனே உட்கார்ந்து, இப்போ பரவாயில்லை.

பென்னாகரம் பக்கத்திலிருந்து, ஒரு ஆசிரியை:

2021 நவம்பர் 1ஆம் தேதி சின்ன வகுப்புகளைத் திறந்தப்போ எனக்கு ஒண்ணாம் வகுப்பு. "ப", "ம" ரெண்டையும் உதட்டைப் பார்த்துத்தான் பிள்ளைங்க பிடிக்கும். "ழ"வுக்கு நாக்கு எங்கே மடியுதுன்னு காட்டணும். மாஸ்க்குக்குள்ள எதைக் காட்ட? வராண்டாவுல பிள்ளைங்களைத் தள்ளி உட்கார வச்சு, கண்ணாடி மாதிரி இருக்கிற ஃபேஸ் ஷீல்டை மட்டும் மாட்டிக்கிட்டுச் சொல்லிக் கொடுத்தேன். என் முழு முகத்தை முதல் தடவையா பார்த்த பாப்பா ஒருத்தி கிட்ட வந்து, "டீச்சர், உங்களுக்குப் பல்லு இருக்குது"ன்னா. அந்தப் பிள்ளைங்க அந்த ரெண்டு வருஷத்துல இழந்தது எனக்குப் பெரிய வருத்தம்.

இருமல் இருந்தா மாஸ்க் போட்டுட்டு வாங்கன்னு இப்பவும் சொல்வேன். பெத்தவங்க யாரும் மறுக்கிறதில்லை.

சூளகிரி வட்டாரத்திலிருந்து, மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர்:

இந்தத் திட்டத்தை முதலமைச்சர் ஸ்டாலின் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி எங்க மாவட்டத்துல சாமனப்பள்ளியிலதான் தொடங்கி வச்சார். வீடு வீடா போய் பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிற வேலை. ஒரு வீட்டுல பார்த்துட்டு அடுத்த வீட்டுல படுத்த படுக்கையா இருக்கிற பெரியவரைத் தொடணும். அதனால நான் மாஸ்க்கை விடலை. "ஏம்மா, எங்களைப் பார்த்தா நோயாளி மாதிரி இருக்கா?"ன்னு ஆரம்பத்துல கோவப்பட்டாங்க. "இல்ல தாத்தா, என்கிட்ட இருந்து உங்களுக்கு எதுவும் வந்துடக் கூடாதுன்னுதான்"னு சொன்னா சரின்னுடுவாங்க.

எனக்கு இருக்கிற கவலை வேற. கொரோனா காலத்துல இருமினாலே ஊர் ஒதுக்கி வச்சது இல்லையா, அந்தப் பயத்துல இன்னைக்கும் இருமலை மறைக்கிறாங்க. ஒரு வீட்டுல மருமகள் இருமல் வந்தா வாயில சேலையைத் திணிச்சுக்கிட்டு மாட்டுக்கொட்டாய்க்கு ஓடுவா. மாமியார் முன்னாடி இருமக் கூடாதாம். தனியா உட்கார வச்சுப் பேசி சளி கொடுக்க வச்சோம், காசநோய். ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறையுறதுன்னா ஆரம்ப சுகாதார நிலையத்துல சொல்லுங்க. பரிசோதனையும் மருந்தும் இலவசம். சாதாரண காசநோய்க்கு ஆறு மாசம் விடாம சாப்பிட்டா குணமாகும். சத்தான சாப்பாட்டுக்குன்னு 2024 நவம்பரிலிருந்து மாசம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குல வருது, அதுக்கு முன்னாடி 500. அவ முழுசா மருந்து சாப்பிட்டு முடிச்சு, இப்போ மல்லிக்காட்டு வேலைக்குப் போறா. மருந்து தொடங்கின காலத்துல அவ மாஸ்க் போட்டதாலதான் வீட்டுக் குழந்தைக்கு நாங்க பயப்படாம இருந்தோம்.

தருமபுரி அக்கா, 2023 ஏப்ரல்ல அரசு மருத்துவமனைகள்ல மாஸ்க்கை மறுபடி கட்டாயம் ஆக்கினாங்க, ஞாபகம் இருக்கா? நோயாளிங்க கூடுற இடத்துல அதுக்கு வேலை இருக்குன்னு தெரிஞ்சுதான் செஞ்சாங்க. அம்மாகிட்ட இதைச் சொல்லுங்க.

அரூரிலிருந்து:

என் பக்கத்தையும் சொல்லிடறேன். எனக்கு மாஸ்க் போட்டா நெஞ்சை அடைக்கும், ஐசியூவுல இருந்தப்போ மூஞ்சியில இறுக்கிக் கட்டின அந்த ஆக்சிஜன் மாஸ்க் ஞாபகம் வந்துடும். அதனால கூட்டம் இருக்கிற இடத்துக்கே போறதில்லை. சந்தைக்கு விடியக்காலையில போயிட்டு வந்துடுவேன். போடாதவங்க எல்லாரும் அலட்சியக்காரங்க இல்லைங்க.

காரிமங்கலத்திலிருந்து, தையல்காரர்:

ரேஷன் கடையில ஆளுக்கு ரெண்டு துணி மாஸ்க் கொடுத்தாங்களே, அந்தச் சமயத்துல நானும் ஜாக்கெட் துணி மீதியில எங்க தெருவுக்கே தைச்சுக் கொடுத்தேன். வீசிங் இருக்கிற அம்மாவுக்குத் துணி மாஸ்க் பத்தாது. கூட்டத்துல என்95 நல்லது, ஆனா மூச்சு விடச் சிரமம் இருக்கான்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. ஓரத்துல காத்து கசிஞ்சா எந்த மாஸ்க்கும் பிரயோஜனம் இல்லை. மூக்கு மேல இருக்கிற கம்பியை ரெண்டு விரலால அழுத்தி உட்கார வைக்கணும்.

காதுல தோடு, மாட்டல் எல்லாம் போட்டிருக்கிற பெரியவங்களுக்கு எலாஸ்டிக் மாட்டிக்கிட்டு இழுக்கும். ஒரு சாண் நீளத்துக்குப் பட்டை துணி எடுத்து ரெண்டு முனையிலயும் பெரிய பட்டன் தைச்சுடுங்க. அதைக் கொண்டைக்குக் கீழே வச்சு, எலாஸ்டிக்கைக் காதுல மாட்டாம பட்டன்ல மாட்டுங்க. வளைகாப்பு எந்தத் தேதின்னு சொன்னீங்கன்னா அம்மா சேலை நிறத்துலயே தைச்சு வைக்கிறேன், பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்து வாங்கிக்குங்க. காசெல்லாம் வேண்டாம்மா.

தருமபுரியிலிருந்து:

வர்ற ஆவணி முதல் முகூர்த்தம்ணா. சேலை கிளிப்பச்சை. அம்மா கேட்டுட்டு பக்கத்துலயே உட்கார்ந்திருக்காங்க, பட்டன் சின்னதா இருந்தா போதும்னு சொல்லச் சொன்னாங்க.